நான்கு நிமிட வீடியோவுக்கு ஒரே ஒரு ஃபார்வர்டு போதும்

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் ஊடகத்தில் வருவதை ஆராய்ந்து பார்ப்பதைப் பற்றி, 'ஊடக எழுத்தறிவு' என்ற தலைப்பில், ஒரு போட்டிக்கு நான்கு நிமிட வீடியோ தயாரித்துக் காட்ட வேண்டும். கையில் இருப்பது டீச்சருடைய போன் ஒன்றுதான். பள்ளியில் சிக்னல் வரும், போகும். மூன்று வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

டீச்சர், நான் சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் பதினோரு வருஷம் எடிட்டிங் பார்த்தவன். இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லித் தருகிறேன். இந்த மாதிரி மாணவர் வீடியோக்களுக்கு நடுவராகவும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வேண்டாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடியோக்கள் 'ஊடகம் ஜனநாயகத்தின் நான்காவது தூண்' என்று தொடங்கும். கூகுளில் எடுத்த செய்தித்தாள் படங்கள் ஒவ்வொன்றாக நகரும். பின்னால் ஒரு பிள்ளை மூச்சு வாங்காமல் ஒப்பிக்கும். யுனெஸ்கோ வரையறை ஒன்று வரும். கடைசியில் ஐந்து பேரும் வரிசையாக நின்று 'ஆராய்ந்து பகிர்வோம்' என்பார்கள். ஆராய்வது எப்படி என்று மட்டும் அந்த வீடியோவில் எங்கேயும் இருக்காது.

ஐ.நா. பொதுச்சபை 2021ல் அக்டோபர் 24 முதல் 31 வரை ஊடக, தகவல் எழுத்தறிவு வாரம் என்று அறிவித்தது. உங்கள் போட்டி அக்டோபர் கடைசியில் வருகிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். இந்தத் தகவலை டீச்சர் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வீடியோவில் வேண்டாம். நான்கு நிமிடத்தில் வரையறைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நொடியும் வீண்.

என் யோசனை இதுதான். ஒரே ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டை எடுங்கள். அது வந்த நிமிடத்திலிருந்து, அது என்னவென்று தெரிந்த நிமிடம் வரை பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைக் காட்டுங்கள். அவ்வளவுதான் படம். எந்த ஃபார்வர்டு? உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு கூகுளுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றியதாக இருக்கட்டும். உங்களுக்கு அது மலைப்பாதைதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது உங்களுக்கே தெரியும். அந்த வாரம் எங்கள் தெரு குரூப்புக்கு ஒரு வீடியோ வந்தது. மலையில் பாதி பெயர்ந்து ரோட்டில் விழுகிறது, வண்டிகள் பின்னால் நகர்கின்றன, ஆட்கள் கத்துகிறார்கள். 'ஏற்காடு, இன்று காலை' என்று மேலே போட்டிருந்தது. மண்சரிவு நடந்ததே உண்மை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொய் எப்போதும் ஒரு உண்மையின் தோளில் உட்கார்ந்துதான் ஊருக்குள் வரும்.

மேலே நாகலூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் தங்கிப் படிக்கும் ஒரு பையன்தான் அதைப் பிடித்தான். போனை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, 'அண்ணா, இந்த மரம் நம்ம மரம் இல்லை' என்றான். ஏற்காட்டு எஸ்டேட்களில் காபிக்கு நிழல் தருவது சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். வீடியோவில் இருந்தவை ஊசியிலை மரங்கள். அப்புறம் நாங்களும் பார்க்க ஆரம்பித்தோம். வண்டியின் நம்பர் பலகை எச்பி என்று தொடங்கியது. அது இமாச்சலப் பிரதேசம். நம் ரோட்டில் டிஎன் 30, டிஎன் 54 வண்டிகள் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்குமா? கத்தியவர்களின் பேச்சிலும் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. கூகுளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

இதைத்தான் பிள்ளைகளிடம் செய்யச் சொல்கிறேன். வீடியோவை ஓடவிடாமல் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மரம், மண்ணின் நிறம், கடைப்பலகையின் எழுத்து, பேருந்தின் நிறம், கொண்டை ஊசி வளைவின் எண், மைல்கல்லின் தலை என எல்லாமே சாட்சி. மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. வண்டிகள் வலதுபுறமாகப் போகின்றனவா, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தேடலில் சிக்கக்கூடாது என்று சிலர் படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் 20 வளைவையும், குப்பனூர் வழியையும் பேருந்து ஜன்னலிலிருந்து நூறு தடவை பார்த்த பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் எந்த நிபுணருக்கும் இந்தக் கண் கிடையாது. பிள்ளைகளுக்கு அது ஒரு தகுதி என்றே தெரியாது. படத்தில் அது தெரிய வேண்டும்.

அப்புறம் போன் வேலை. வீடியோவைத் தெளிவான இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தையும் ஓரத்தையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரு படத்தில் கிடைக்காவிட்டால் வேறு மூன்று இடங்களில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கிடைத்ததில் ஆகப் பழைய தேதி எது என்று தேடுங்கள். யூடியூபில் இருந்தால் பதிவேற்றிய தேதி அடியிலேயே இருக்கும். சிக்னல் தகராறு என்பதால் இந்த வேலையைச் சேலம் இறங்கும் ஒரு நாளில் செய்து, திரையில் நடப்பதை அப்படியே ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சொன்ன தேதிக்கு முந்தைய பிரதி ஒன்று கிடைத்துவிட்டால் கதை முடிந்தது, 'இன்று காலை' என்பது பொய். ஆனால் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது உண்மை என்று ஆகிவிடாது. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 'எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்துச் சொல்லும் வீடியோவை இதுவரை நான் நடுவராகப் பார்த்ததில்லை. பார்த்தால் முழு மதிப்பெண் போடுவேன்.

அதேபோல் வாட்ஸ்அப்பின் இரட்டை அம்புக்குறியையும் மந்திரம் மாதிரி நம்ப வேண்டாம். குறைந்தது ஐந்து கைமாறி வந்த செய்தி என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரத்தம் தேவை என்ற உண்மையான செய்திக்கும் அந்த அம்பு வரும்.

மண்சரிவு பயமுறுத்தும் விஷயம், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொன்னால், இன்னொன்று இருக்கிறது. கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. மழை நின்று நாளாகிவிட்டால் பாறையில் ஈரம்தான் மிஞ்சும். ஆனால் ரீல்ஸில் வருஷம் முழுக்க வெள்ளமாகக் கொட்டும். ஏப்ரலில் குடும்பத்தோடு வந்து, படியிறங்கி, பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி ஏறுகிறவர்களை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த ரீலை ஒரு பக்கமும், இன்று அதே இடத்தில் நின்று எடுத்ததை மறுபக்கமும் வைத்தால் போதும். காட்சி நிஜம், இடம் நிஜம், காலம் மட்டும் வேறு. உள்ளதிலேயே அதிகமாக ஏமாற்றுவது இந்த வகைதான்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. நானே செய்திருக்கிறேன். சேனலில் இருந்தபோது ஒருநாள் மேட்டூர் அணையில் உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி. கேமராமேன் போய்ச் சேர நேரமாகும். இரவு ஏழு மணி செய்திக்கு ஏதாவது காட்சி வேண்டும். கணினியில் 16 கண் மதகு முழுக்கத் திறந்து நுரை பொங்கும் பழைய காட்சி இருந்தது. எடுத்துப் போட்டேன். 'கோப்புக் காட்சி' என்று ஓரத்தில் எழுத வேண்டும், எழுதவில்லை. அவசரம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எழுதினால் செய்தி சப்பென்று ஆகிவிடும் என்ற நினைப்பும் இருந்தது. மறுநாள் அம்மாப்பேட்டைக்காரர் ஒருவர் போன் செய்தார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே மேட்டூர் போயிருக்கிறார். திறந்தது இரண்டு மதகோ என்னவோ. 'தம்பி, நீங்க காட்டினது எந்த வருஷத்துத் தண்ணி?' என்று கேட்டார். திட்டவே இல்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. 2018, 2022, 2024 என நிரம்பிய ஒவ்வொரு வருஷத்துக் காட்சியும் எங்கோ ஒரு போனில் படுத்துக்கொண்டு அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறது.

அதனால் படத்தின் முதல் முக்கால் நிமிடத்தில் பிள்ளைகளே ஒரு பொய் செய்து காட்ட வேண்டும் என்பேன். ஏற்காடு ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று இரண்டு ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் படகு, தண்ணீர், பின்னால் பனி. இன்னொன்றில் போனை ஒரு முழம் கீழே இறக்கினால் கரையோரம் கிடக்கும் சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும். முதலாவதுக்கு 'சொர்க்கம்', இரண்டாவதுக்கு 'செத்துக்கொண்டிருக்கும் ஏரி' என்று குரல் கொடுங்கள். பிறகு மூன்றாவது ஷாட்டில், இரண்டையும் எடுத்த பிள்ளை நிற்கும் இடத்தைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். பார்ப்பவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார் என்பது ஒரு வரி விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்னும் ஏற்காடு ரோட்டில் நிற்கிறது. அட்டையில் அரண்மனை கட்டி, விளக்கில் நிலா காட்டிய இடம். ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்கு அது சினிமா என்று தெரியும். வாட்ஸ்அப்பில் வருவதற்கு அப்படி ஒரு வளைவு கிடையாது, எது ஸ்டூடியோ எது தெரு என்று சொல்லும் வாசலே இல்லை. பிள்ளைகளில் ஒருவர் அந்த வளைவின் முன்னால் நின்று இதைச் சொன்னால் அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. சேலம் இறங்கும் நாளில் முடிந்தால் எடுங்கள், கட்டாயம் இல்லை.

வெட்டுவது என்ன செய்யும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று. 2018ல் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பைக்கில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்துவிட்டது என்று கூடவே குரல் பதிவுகளும் வந்தன. அசலில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அதே பைக் திரும்பி வந்து பையனை இறக்கிவிடும். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வேறு எதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை. அந்த வருஷம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலைத் தேடி வந்த குடும்பம் ஒன்று வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். இந்தச் சம்பவத்தை ஒன்பதாம் வகுப்பு வீடியோவில் காட்சியாகக் காட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு நீங்கள் வாயால் சொல்லுங்கள். தாங்கள் எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் பொய் வீடியோவைத் தங்கள் படத்தில் காட்டும்போது, அதன் மேல் 'பொய்' அல்லது 'பழையது' என்று பெரிய எழுத்து, அந்தக் காட்சி முடியும் வரை ஒட்டியே இருக்க வேண்டும். முதல் இரண்டு நொடிக்கு மட்டும் போட்டு எடுத்துவிடக் கூடாது. உங்கள் வீடியோவிலிருந்தே யாராவது அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, 'பள்ளி மாணவர்களே காட்டிய அதிர்ச்சிக் காட்சி' என்று அனுப்பினால் என்ன செய்வீர்கள்? குரலிலும் அப்படித்தான். முதலில் உண்மையைச் சொல்லி, பிறகு பொய்யைச் சொல்லி, மறுபடி உண்மைக்கு வர வேண்டும். பொய்யை மூன்று தடவை திருப்பிச் சொன்னால் பார்ப்பவர் மனதில் அதுதான் தங்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஃபார்வர்டு என்றாலே பொய், அதிகாரி மறுத்தாலே உண்மை என்று பிள்ளைகள் எளிதாக முடிவுகட்டிவிடுவார்கள். அதற்குச் சேலத்திலேயே நல்ல மருந்து உண்டு, ஜவ்வரிசி. ஜவ்வரிசி பிளாஸ்டிக்கில் செய்வது என்று அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வரும். 2017ல் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு பீதி கிளம்பியதே, அதன் தம்பி. சோற்றை உருட்டி எறிந்தால் துள்ளுகிறது என்று காட்டுவார்கள். துள்ளத்தான் செய்யும், வெந்த மாவுச்சத்துக்கு ஒட்டும் குணம் உண்டு. நம் பக்கத்து ஜவ்வரிசி குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து வருகிறது. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைத் தெளியவிட்டு, குருணையாகக் குலுக்கி, வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, ஃபார்வர்டு பொய். ஆனால் வெள்ளையாகத் தெரிவதற்கு ரசாயனம் சேர்க்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சேலத்து ஆலைகளில் சோதனை நடத்தியதும் நடந்ததுதான். பிளாஸ்டிக் கதையைப் பொய் என்று நிரூபித்ததும் இதையும் சேர்த்து மறைத்துவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். ஒரு செய்தியில் எந்தத் துண்டு உண்மை, எந்தத் துண்டு பொய் என்று பிரிக்கத் தெரிவதுதான் கஷ்டமான வேலை. பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தால் மண்சரிவை விட்டுவிட்டு இதையே எடுக்கலாம்.

சரிபார்ப்பு நிறுவனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழில் யூடர்ன் போன்றவை பல வருஷமாக இந்த வேலையைச் செய்கின்றன. தமிழ்நாடு அரசும் 2023ல் ஒரு தகவல் சரிபார்ப்புப் பிரிவு தொடங்கியது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் (பிஐபி) அதே மாதிரி ஒரு பிரிவு 2019லிருந்து இருக்கிறது. பேருந்து ரத்து, பள்ளி விடுமுறை, அணை நீர்மட்டம் போன்றவற்றுக்கு அரசுத் தரப்பைப் பார்ப்பதுதான் வேகமான வழி. அரசைப் பற்றிய விமர்சனத்தை அரசே பொய் என்று முத்திரை குத்தும்போது மட்டும் இன்னொரு இடத்திலும் பாருங்கள். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே பொய் என்று தீர்மானிக்க வழிசெய்த விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. இது பிள்ளைகளுக்குக் கனம், உங்களுக்காகச் சொன்னேன். யார் சரிபார்த்திருந்தாலும் தீர்ப்பை மட்டும் எடுக்காமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். வழியைக் காட்டாதவர் சொல்வது இன்னொரு ஃபார்வர்டுதான்.

ஏஐ வீடியோ பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் மலைப்பாதையில் சிறுத்தை படுத்திருக்கும் வீடியோ யாராவது ஒருவர் போனில் இருக்கும். கடைப்பலகையில் தமிழ் எழுத்து குழம்பியிருக்கிறதா, வீடியோ சில நொடியில் முடிந்துவிடுகிறதா, விலங்கின் நிழல் சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். ஆனால் இந்த அடையாளங்கள் நாளுக்கு நாள் மறைந்துகொண்டே வருகின்றன. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் லிஃப்ட் வீடியோவில் ஒட்டியதைப் பலர் நிஜம் என்றே நினைத்தார்கள். கண்ணால் பிடிக்க முடியாதபோது மிஞ்சுவது பழைய கேள்விகள்தான். யார் எடுத்தது? எந்த வளைவில்? அன்று அந்த வழியாகப் போன பேருந்து டிரைவர் என்ன சொல்கிறார்? உங்கள் ஊரில் டிரைவரையும் கண்டக்டரையும் பிள்ளைகளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியுமே, போய்க் கேட்கட்டும். அந்தப் பேட்டி முப்பது நொடி இருந்தால் படத்தில் அதுதான் உயிருள்ள இடமாக இருக்கும்.

பொய் இல்லாமலும் ஊடகம் நம்மைத் திருப்பும் என்பதற்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள். ஏற்காட்டு ரிசார்ட் ரீல்களில் எத்தனை பேர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள்? வாங்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021லேயே விதி வகுத்தது. சொல்பவர்கள் கொஞ்சம்தான். நோக்கத்தோடு பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1929ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி துணையாக இருந்தார். கள்ளை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே வந்த பத்திரிகை. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே தரப்பு, ஆனால் அதை ஒளிக்கவில்லை. படிப்பவனுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும்.

படத்தின் கடைசி முக்கால் நிமிடத்துக்கு என்னிடம் ஒரு ஆசை உண்டு. பொய் என்று தெரிந்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டுங்கள். ஃபார்வர்டை அனுப்பியது பெரும்பாலும் பெரியப்பாவோ மாமாவோதான். குடும்ப குரூப்பில் எல்லோர் முன்னாலும் 'இது பொய்' என்று ஒரு சின்னப் பெண் போட்டால், அடுத்த ஒரு மாதத்துக்கு அவள் என்ன சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகப் போன் போட்டு, 'பெரியப்பா, நீங்க அனுப்பின மண்சரிவு வீடியோல வண்டி நம்பர் பார்த்தீங்களா?' என்று கேட்டால் கதை வேறு. அவரே பார்த்து, அவரே அழித்துவிட்டு, 'நம்ம பொண்ணு கண்டுபிடிச்சது' என்று அவரே நாலு பேருக்குச் சொல்வார். இந்தப் போன் பேச்சை நடித்துக் காட்டுவது உங்கள் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவது மாதிரி.

இனி செய்முறை. ஸ்கிரிப்ட் 350 சொல்லுக்கு மேல் போக வேண்டாம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்தான் வரும், நடுவில் பேச்சில்லாத இடமும் வேண்டும். பிள்ளைகள் பேசுவது போலவே எழுதுங்கள். ஒரு வரியை எழுதியதும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால் அந்த வரி பாடப்புத்தகத்திலிருந்து வந்தது.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள். பகோடா பாயிண்ட் மாதிரி இடத்தில் நின்று பேசி எடுத்தால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். வெளியில் காட்சியை மட்டும் எடுங்கள். குரலை அப்புறம் ஓர் அறையில், ஜன்னலை மூடி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனிலேயே பதிவு செய்யுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஸ்டூடியோ சத்தம் கிடைக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தகரக்கூரை வகுப்பறை என்றால் மழை நாளில் முயற்சிக்கவே வேண்டாம். பேட்டியை மட்டும் நேரடிச் சத்தத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும். பேசுபவருக்கு ஒரு முழம் தூரத்துக்குள் போன் இருக்கட்டும்.

பனி அழகு, ஆனால் கேமராவுக்கு எதிரி. எங்கே ஃபோகஸ் செய்வது என்று தெரியாமல் போன் தடுமாறும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். லென்ஸில் நீர் படியும், ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் பருத்தித் துணியால் துடையுங்கள். போனைப் படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். ட்ரைபாட் இல்லையென்றால் இரண்டு செங்கலும் ஒரு ரப்பர் பேண்டும் போதும், நானே அப்படி எடுத்திருக்கிறேன்.

எடிட்டிங்குக்கு இன்ஷாட், கைன்மாஸ்டர், விஎன் எதுவானாலும் சரி. எழுத்து சுழன்று வருவது, நெருப்புப் பிடிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்றுகூட வேண்டாம். சப்டைட்டிலைக் கையால் தட்டுங்கள், தானாக வரும் தமிழ் எழுத்துகளில் பிழை மலிந்திருக்கும். சில ஆப்களில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி விழும், அப்போது ஃபாண்டை மாற்றிப் பாருங்கள். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். யூடியூபில் ஏற்றியதும் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும், தவிர உரிமை பற்றிப் பேசும் வீடியோவில் அது அசிங்கம். காலை ஆறு மணிக்கு உங்கள் பள்ளி வாசலில் கேட்கும் பறவைச் சத்தத்தை இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்ல பின்னணி இசை சேலத்தில் காசுக்குக் கிடைக்காது.

ஐந்து பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். டிரைவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் குரூப் பெயர், போன் நம்பர், முகப்புப் படம் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். பெரியப்பாவின் பெயர் உட்பட. சரிந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் எடுக்கிறோம் என்று பிள்ளைகள் கிளம்பினால் விடாதீர்கள், ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம்.

படத்தின் கடைசிப் பதினைந்து நொடியில் நன்றி அட்டைக்குப் பதிலாக, பிள்ளைகள் தாங்கள் செய்ததைச் சொல்லட்டும். 'பேட்டி ஆறு நிமிடம் எடுத்தோம், முப்பது நொடி வைத்தோம். குரலைப் பிறகு சேர்த்தோம். போன் பேச்சு நடிப்பு. ஏரியை எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை.' இப்படித் தங்கள் படத்தின் வெட்டுகளைத் தாங்களே அவிழ்த்துக் காட்டும் மாணவர் வீடியோ வந்தால் நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் வாரம் முழுக்க ஃபார்வர்டைத் தேர்ந்தெடுப்பதும் சரிபார்ப்பதும்தான், கேமராவைத் தொடவே வேண்டாம். இரண்டாம் வாரம் ஷூட்டிங். காலை பனி விலகும் வரை வகுப்பில் குரல் ஒத்திகை, விலகியதும் வெளியே. மூன்றாம் வாரம் எடிட்டிங். முடித்த கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் பாதியாகிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சிக்னல் கைகொடுக்காவிட்டால் ஒரு பென் டிரைவில் போட்டு, மதிய பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நான் வாங்கிக்கொள்கிறேன்.